சிறு சுழலியின் பெரும்பசி
(பருத்திப்பட்டில் ஆற்றிய உரை)



இப் பருத்திப்பட்டு ஆவடியை ஒட்டிய ஊர். ஆவடியோ கவச ஊர்திகளின் ஊர். 1965-இல் முதல் விசயந்தா அங்கு உருவாகி வெளிவந்தது. அதுமுதல் அருச்சுனன் ஈறாக அங்குச் செய்யப்பெற்றவற்றின் நெஞ்சு தீசல் வகைப் பொறியே. உருசியரோ 1976-இல் தி-80 ஊர்தியிலும், அமெரிக்கர் 1980-இல் ஆபிராம்சிலும் வளிமச் சுழலியைப் பூட்டினர். ஆபிராம்சின் சுழலிக்கு 1,500 குதிரைத்திறன்; எடையோ குறைவு. ஆயின் ஊர்தி ஓடாது நிற்கும்போதும் எரிநெய்யைக் குடித்துத் தீர்க்கும். ஏன் இப்பசி?

காற்றை நெருக்குவது அமுக்கி. எரிநெய் எரிவது எரியறை. எரிவளி பாய்ந்து சுழற்றுவது சுழலி. சுழலி ஈட்டும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை அமுக்கியே விழுங்கிவிடும். பொறி சிறுத்தால் அலகுகள் சிறுக்கும். அலகு முனைக்கும் உறைக்கும் இடையிலுள்ள இடுக்கு அந்த அளவிற்குச் சிறுக்காது. நெருக்கிய காற்று அவ்வழி நழுவிப் போகும். சுமை குறைந்தால் நெருக்கமும் தளர்ந்து திறன் மேலும் வீழும்.

நம் அன்னையரின் கொடியடுப்பை அறியாதார் யார்? முதலடுப்பின் வெப்பம் பாழாகாது பக்கத்துக் கலத்தைச் சூடேற்றும். வெப்ப மீட்பியின் வேலையும் அதுவே: வெளியேறும் சூட்டைக்கொண்டு எரியறைக்குச் செல்லும் காற்றைச் சூடாக்குகின்றது. மணித்துளிக்கு 96,000 சுற்றுச் சுழலும் 30 கிலோவாட்டு மின்சுழலி இதனால் 26 விழுக்காட்டுத் திறன் பெறுகின்றது. மீட்பி இல்லையேல் அதில் ஏறத்தாழப் பாதிதான். (ஆபிராம்சிலும் மீட்பி உண்டு, பசி முற்றும் தணியவில்லை என்பது வேறு.)

ஆனால் காற்றைச் சூடாக்கினால் சுடரும் சூடேறும். சுடர் 1,500 செல்சியசு பாகையைக் கடந்து ஏற ஏற, காற்றிலுள்ள நைட்ரசனும் உயிர்வளியும் கூடி நச்சுவளி விரைந்து பெருகும். ஆதலால் மிகுதியான காற்றில் எரிநெய்யை நன்கு கலந்து மெலிதாக எரிக்கின்றனர். மிகவும் மெலிந்தாலோ சுடர் தடுமாறும், அணையும். அரைகுறையாய் எரிந்த கரிவளி வெளிப்படும். இது கழைக்கூத்தாடியின் நடை! சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் எரிதல் ஆய்வு நடுவத்தார், ஒரு பெருஞ்சுழிக்கு மாற்றாகச் சிறுசுழிகள் பலவற்றை வலைபோல் அடுக்கிக் கலக்கும் முறையை ஆய்ந்துள்ளனர்.

இயற்கை வளியில் ஓடும் அந்த 30 கிலோவாட்டுச் சுழலியின் புகையில் நைட்ரசன் நச்சு, பத்து இலக்கம் பங்கில் ஒன்பதுக்கும் கீழே. தூய்மையில் தீசல் பொறி அதன் அருகே நிற்காது. சிக்கனத்திலோ தீசலே வெல்லும். அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் இதனை வாங்க நினைத்தால், முழுச்சுமைத் திறனை மட்டும் கேட்டு அமையற்க. அரைச்சுமையில் எரிநெய் எவ்வளவு, கரிவளி எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். பட்டறையில் பொறி பெரும்பொழுதும் அரைச்சுமையில்தானே ஓடுகின்றது!