உப்புக்கண்டம்: நல்ல கறிக்குத்தான் உப்பு

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. உப்புக்கண்டம் போடுவதைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அது எனக்குத் தெரிஞ்ச வேலை என்பதால் தைரியமாக வந்து நிற்கிறேன்.

எங்க அப்பத்தா காலத்தில் முயல், காட்டுப்பன்றி என்று வேட்டைக்கறி வீட்டுக்கு வரும். ஒரே நாளில் தின்று தீராது, பிரிட்ஜும் கிடையாது. அதனால் உப்புக்கண்டம் போட்டு வைத்தார்கள். இன்றைக்கு அந்தக் கறி நமக்கு வேண்டாம். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். கறியை வீட்டில் வைத்திருந்தாலும் வழக்குதான். கைப்பழக்கம் அதேதான். கறி மட்டும் வெள்ளாட்டுக்கறியாக இருக்கட்டும்.

எலும்பில்லாத தொடைக்கறி ஒரு கிலோ எடுங்கள். கொழுப்பு, சவ்வு எல்லாம் எடுத்துவிட வேண்டும். கொழுப்பு இருந்தால் பத்து நாளில் சிக்கு வாடை அடிக்கும். கழுவித் தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, விரல் கனத்துக்கு நீள நீளமாக அரியுங்கள். கல்லுப்பு ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் அளவு, மஞ்சள், வரமிளகாய், சீரகம், பூண்டு அரைத்துப் பிசறி ஓர் இராத்திரி ஊறட்டும். மறுநாள் கோணி ஊசியால் கயிற்றில் கோர்த்து வெயிலில் கட்டுங்கள். ஈ மொய்க்காமல் வலைத்துணி போட வேண்டும். பொழுது சாயும் முன்னே உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி படக்கூடாது. பங்குனி, சித்திரை வெயிலுக்கு நாலைந்து நாள் போதும். வளைத்தால் ஒடிய வேண்டும், ரப்பர் மாதிரி வளைந்தால் இன்னும் காயவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம்.

சமைக்கும்போது வெந்நீரில் ஊறவைத்து, அம்மியில் தட்டி, சின்ன வெங்காயம் போட்டு நல்லெண்ணெயில் நன்றாக வறுக்க வேண்டும். பச்சையாக வாயில் போடக்கூடாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பு அதிகம், சொல்லிக் கொடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு கிலோ கறி காய்ந்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். விலை கட்டுப்படியாகாத மாதிரி தோன்றும். அங்கேதான் ஆசை வரும். "ஆடு திடீர்னு செத்துப்போச்சு, கறி பாதி விலைக்குக் கிடைக்குது, உப்புக்கண்டம் போட்டா யாருக்குத் தெரியும்" என்று சொல்ல ஆள் இருக்கும். "உப்பும் வெயிலும் எல்லாத்தையும் சரி பண்ணிடும்" என்பார்கள். பண்ணாது அக்கா. உப்பு நல்ல கறியைக் கெடாமல் காக்கும், கெட்ட கறியை நல்லதாக்காது.

அடைப்பான் நோயில் செத்த ஆட்டின் கிருமி காய்ந்தாலும் சாகாது. மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அந்தக் கறியை அறுக்கிறவர் கையில் கீறல் இருந்தால் அது வழியாகவே வந்து புண்ணாகிக் கறுத்துப்போகும். காட்டு மிருகமும் இதற்கு விலக்கில்லை. 2022-ல் கேரளத்து அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப்பன்றிகள் இதே நோயில் செத்தன. ஆடு மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் வாயிலும் ரத்தம் வடிந்தால் அறுக்காதீர்கள், தோலும் உரிக்காதீர்கள். 1962-க்குப் போன் போட்டுக் கால்நடை டாக்டரைக் கேளுங்கள். ஆடு போன நஷ்டம் பெரிசுதான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நஷ்டத்தைப் பொட்டலம் கட்டி இன்னொரு வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

ஆகவே கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் குழு உப்புக்கண்டம் விற்றாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். உயிரோடு நடந்து வந்த ஆட்டை நம் கண்ணெதிரே அறுத்த கறியாக இருக்க வேண்டும். செய்த தேதி பாக்கெட்டில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் தீர்மானமாகவே எழுதி வையுங்கள். ஒரு குழு செய்கிற தப்பு எல்லாக் குழு பேரையும் கெடுக்கும். நல்ல சரக்கு கொடுத்தால், நல்ல விலையைத் தயங்காமல் கேட்கலாம்.