பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

(நம் மருத்துவமனையைத் தாங்கும் சபையாரின் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



நம் மருத்துவமனை குழந்தை உணவு நிறுவனங்களிடமிருந்து ஒரு காலண்டரைக்கூட வாங்குவதில்லை. "பணக் கஷ்டத்தில் இருக்கிற மருத்துவமனைக்கு இந்தக் கண்டிப்பு எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இன்று நிற்கிறோம்.

நம் பிரசவ வார்டுக்கு வரும் தாய்மாரில் பலர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 26 வாரப் பேறுகால விடுப்புக்கு வழி செய்தது. ஆனால் இவர்களில் அநேகருக்கு அது ஏட்டளவில்தான். பிள்ளையை விட்டு வேலைக்குப் போகும்போது பால் பவுடர் டின் வீட்டுக்குள் வருகிறது. விலை அதிகம் என்பதால் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். லாரித் தண்ணீரைச் சரியாகக் கொதிக்க வைக்க நேரமில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. குழந்தை சப்பிக் குடிப்பது குறையக் குறையத் தாய்க்குப் பால் சுரப்பதும் குறைகிறது. பிறகு டின்னை விட முடிவதில்லை.

இதில் தாயைக் குற்றம் சொல்ல மாட்டோம். தாயை இழந்த பிள்ளைக்கும், மருத்துவக் காரணமுள்ள பிள்ளைக்கும் பவுடர் பால் தேவைப்படும். அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த டாக்டருடைய வார்த்தைக்குப் பின்னால் வேறொருவருடைய பணம் நிற்கக் கூடாது. நாம் கேட்பது அவ்வளவுதான்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்க முடியாது. நீதி சொல்ல உட்காருகிறவன் பரிதானம் வாங்கக் கூடாது என்று மோசேயின் நியாயப்பிரமாணம் விதித்தபோது, காரணத்தையும் சேர்த்தே சொன்னது. கெட்டவன் மட்டுமல்ல, கண் தெளிந்தவனும் அதனால் பார்வை இழக்கிறான். ஆகவே இது நல்லவர், கெட்டவர் என்ற பிரச்சினை அல்ல. யார் எந்த நாற்காலியில் உட்காருகிறார் என்ற பிரச்சினை.

இதை உலகம் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939ல் சிங்கப்பூரில் ஓர் உரை ஆற்றினார். தவறான விளம்பரத்தால் குழந்தைகள் புட்டிப்பாலுக்கு மாறிச் சாவதைக் கொலை என்றே அவர் அழைத்தார். 1976ல் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபை, தான் பங்கு வைத்திருந்த பால் பவுடர் நிறுவனத்தின் மேலேயே வழக்குத் தொடர்ந்தது. 1981ல் உலக சுகாதார மாநாடு தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனைக்கு ஒரு நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே.

நம் நாடு 1992ல் அதைச் சட்டமாக்கியது. 2003ல் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. டின்னில் குழந்தை படம் கூடாது. மருத்துவர், செவிலியர், அவர்களுடைய சங்கங்கள் யாருக்கும் கருத்தரங்கு, ஆராய்ச்சி, பயிற்சி என்ற எந்தப் பெயரிலும் அந்த நிறுவனங்கள் பணம் கொடுக்கக் கூடாது. விற்பனைக்குத் தடை இல்லை. வலை விரிப்பதற்குத்தான் தடை.

வார்டின் வாசலை இப்படி அடைத்தாகிவிட்டது. ஆனால் டின்னுக்குள் என்ன இருக்கலாம், மேலே என்ன எழுதலாம் என்று முடிவாகும் அறைக்கும் ஒரு வாசல் உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அமைந்தது. அதற்கு ஆலோசனை சொல்லும் அறிவியல் குழுக்களில் சுதந்திரமான நிபுணர்களே இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தொழில்துறையினரை அழைத்துக் கேட்கலாம். உறுப்பினராக உட்கார வைக்க முடியாது. அப்படியிருந்தும் முதலில் அமைந்த குழுக்களில் பெரிய உணவு, குளிர்பான நிறுவனங்களின் அலுவலர்களே இடம் பெற்றிருந்தார்கள். குளிர்பானங்களைப் பற்றிய பொதுநல வழக்கு ஒன்றில் இது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. சட்டம் சொன்னபடியே குழுக்கள் அமைய வேண்டும் என்று 2011ல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இது டெல்லி விவகாரம், ஆவடிக்கு என்ன என்று நினைக்காதீர்கள். 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. நெஸ்லே நிறுவனம் இந்தியாவில் விற்ற செரலாக் வகைகளில் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததையும், அதன் சொந்த நாட்டில் அப்படிச் சேர்க்கப்படாததையும் அது காட்டியது. அந்தந்த நாட்டு விதிகளின்படியே நடக்கிறோம் என்றது நிறுவனம். அந்தப் பதிலைக் கவனியுங்கள். விதி அனுமதித்தால் சர்க்கரை நம் பிள்ளையின் கிண்ணத்துக்கு வரும். அப்படியானால் விதியை எழுதும் மேசையில் யார் உட்காருகிறார்கள் என்பது ஒவ்வொரு தாய்க்கும் உரிய கேள்வி அல்லவா?

நம் மேசைக்கும் அதே கேள்விதான். சில ஆண்டுகளுக்கு முன் செவிலியர் பயிற்சி நாளின் முழுச் செலவையும் ஏற்பதாக ஒருவர் வந்தார். "எங்கள் பெயரைக்கூடப் போட வேண்டாம்" என்றார். மரியாதையாக மறுத்தோம். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக் கொண்டுவந்தார்கள். பயிற்சி குறைவின்றி நடந்தது. அன்று பாலூட்டும் முறையைக் கற்ற செவிலியர்கள், முதல் பிள்ளைக்காரிகளின் பக்கத்தில் இன்றும் பொறுமையாக உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு ஏறக்குறைய 64 பேருக்கே தாய்ப்பால் மட்டும் கிடைக்கிறது. வேலை இன்னும் நிறைய இருக்கிறது.

பிரியமானவர்களே, உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். உங்கள் கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் தாய்க்குப் பாலூட்ட நேரமும் மறைவான ஓர் இடமும் கொடுங்கள். சபையின் சுகாதார முகாமுக்கு யார் பணம் கொடுக்கிறார் என்று வாங்கும் முன்னே கேளுங்கள். மூன்றாவதாக, உங்கள் காணிக்கையைச் சிறிது என்று எண்ணாதீர்கள். அது எங்களிடம் எதையும் விற்கச் சொல்வதில்லை. ஆகையால் எங்கள் செவிலியர் ஒரு தாயிடம் "அம்மா, உங்கள் பாலே போதும்" என்று சொல்லும்போது, அது யாருக்கும் கடன்படாத வார்த்தையாக இருக்கிறது. அந்த வார்த்தையை நீங்களே தாங்குகிறீர்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.