பெறுவார் இல்லாத கடன்



மகவை இழந்த தாயின் துயரைப் பாடத் தமிழுக்குச் சொல் பஞ்சமில்லை. ஒப்பாரி என்னும் வாய்மொழிக் கவிதையே பெரிதும் மகளிர் படைத்தது. மகவை இழந்த தந்தைக்கு அவ்வாறான தனி மொழியொன்று வாய்க்கவில்லை. கம்பனின் தயரதன் மகனைப் பிரிந்து உயிர் விடுகிறான். வில்லிபுத்தூராரின் அருச்சுனன் அபிமன்னுவுக்காகக் கதறுகிறான். ஆயினும் இவர்கள் அரச குலத்தார். தயரதனின் துயர் ஒரு நாட்டின் துயராகிவிடுகிறது. அருச்சுனனின் துயரோ அன்றே சூளுரையாக மாறி, மறுநாட் போரில் வடிகால் தேடிக்கொள்கிறது. நாடும் வில்லும் இல்லாத ஓர் எளிய தந்தை, மகவை இழந்த மறுநாள் என்ன செய்வான்? இவ்வினாவுக்கு விரிவான விடை கூறிய கலை, சென்ற நூற்றாண்டில் வளர்ந்த திரைப்படக் கலையே ஆகும். அவ்வகைப் படங்களுள் நான்கினை எடுத்துக்கொண்டு, அவை கவிதைக்குச் சொல்வது யாது என ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

ஆய்வுக்குரிய சொல்லைப் புறநானூறே தருகிறது. பொன்முடியார் தம் பாடலில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் வீரனுக்கும் ஒவ்வொரு கடனை வகுத்தார். மகனைச் சான்றோன் ஆக்குதல் தந்தையின் பங்கு. தந்தையின் அன்பு அங்கே 'அன்பு' என்ற பெயரால் சுட்டப்படவில்லை. 'கடன்' என்ற பெயரால் சுட்டப்படுகிறது. மற்றொரு கடனும் தமிழில் உண்டு. இறந்த தந்தைக்கு மகன் இறுக்கும் நீர்க்கடன் அது. முன்னது தந்தையிடமிருந்து மகவுக்குச் செல்வது. பின்னது மகவிடமிருந்து தந்தைக்கு வருவது. மகவு முந்திச் சென்றுவிட்டால் இவ்விரண்டும் ஒருங்கே அறுந்துபோகின்றன. கொடுக்கவேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு, பெற்றுக்கொள்வார் இன்றித் தந்தை நிற்கிறான். அவனது துயரத்தின் வடிவம் இதுவே. பேரிழப்பின்முன் செயலற்றுப்போதலைக் 'கையறுநிலை' என்பது புறத்திணை மரபு. இப்படங்களில் வரும் தந்தையரின் கைகளோ ஓய்வதில்லை. அவை செய்துகொண்டிருந்ததையே தொடர்ந்து செய்கின்றன.

முதலாவதாகக் கருதத்தக்கது, சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' (1955). விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் நாவலைத் தழுவிய இவ்வங்காளப் படத்தில், வறிய புரோகிதன் ஹரிஹர் பொருள் தேடி ஊரைவிட்டுச் சென்று நெடுநாள் கழித்துத் திரும்புகிறான். இடைக்காலத்தில், மழையில் நனைந்து காய்ச்சலுற்ற மகள் துர்கா இறந்துவிட்டாள். அச்செய்தியை அவன் அறியான். பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழைத்தவாறே வருகிறான். வாங்கிவந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவி சர்வஜயாவிடம் காட்டுகிறான். அவள் வாய் திறவாமல் வாங்கி வைக்கிறாள். இறுதியில் துர்காவுக்கென வாங்கிய சேலையை நீட்டுகிறான். அவள் உடைந்துபோகிறாள்.

அவ்விடத்தில் ரே ஒரு துணிவான முடிவை மேற்கொண்டார். சர்வஜயா வாய்விட்டு அலறுகிறாள். அந்த அலறல் படத்தில் கேட்பதில்லை. அதனிடத்தில் தார்ஷெனாய் என்னும், வில்லால் இழைத்து வாசிக்கும் நரம்பிசைக் கருவியின் உச்சக் குரல் எழுகிறது. இசையமைத்தவர் ரவிசங்கர். தாயின் அழுகை இசையாயிற்று. தந்தைக்கு எஞ்சியதோ அவன் கையால் நீட்டிய சேலை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் கூறுவார். ஹரிஹரிடம் இழவும் வறுமையும் ஒரே கணத்தில் சந்திக்கின்றன. வறுமை அவனை ஊரைவிட்டு விரட்டியது. அதனால்தான் மகள் இறக்கும்போது அவன் அருகில் இல்லை. வறுமையை மீறி அவன் வாங்கிய பரிசே இழவை அவனுக்கு அறிவிக்கும் தூதாயிற்று.

இரண்டாவது, மகேஷ் பட் இயக்கிய 'சாரான்ஷ்' என்னும் இந்திப் படம் (1984). பம்பாயில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பிரதானின் ஒரே மகன், நியூயார்க் நகரில் வழிப்பறிக்காரரால் கொல்லப்படுகிறான். முதியவராகிய பிரதானாக நடித்த அனுபம் கேருக்கு அப்போது வயது 28. மகனின் அஸ்தி விமானத்தில் வந்து சேர்கிறது. அதனைப் பெறச் சுங்க அலுவலகத்துக்குச் செல்லும் தந்தை அலைக்கழிக்கப்படுகிறார். இறுதியில் மேலதிகாரியின்முன் நின்று, தாம் கேட்டு வந்தது தொலைக்காட்சிப் பெட்டியோ குளிர்பதனப் பெட்டியோ அன்று, இறந்த மகனின் சாம்பல் எனச் சொல்லி உடைகிறார். இங்கு இழவோடு சேர்வது இளிவு. நீர்க்கடனைப் பெறவேண்டியவரே அதைச் செய்யவேண்டியவராகிறார். அதற்கும் அலுவலக வாயிலில் இரந்து நிற்கவேண்டியிருக்கிறது.

பிரதானின் கதை அங்கே முடிந்துவிடவில்லை. அவர் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் சுஜாதா என்னும் இளம்பெண், அரசியல்வாதி ஒருவரின் மகனால் கருவுறுகிறாள். அரசியல்வாதியோ அவளை அச்சுறுத்துகிறார். உயிர்விடத் துணிந்திருந்த கிழவர், அவளையும் பிறவாத அக்குழந்தையையும் காக்கும்பொருட்டு எழுந்து நிற்கிறார். மகனுக்குச் செய்ய முடியாமற் போனதைப் பெற்றுக்கொள்ள வேறொருவர் கிடைத்துவிட்டார். ஆனால் மனைவி பார்வதியோ, இறந்த மகனே அக்கருவில் வந்து பிறக்கப்போகிறான் என நம்பத் தொடங்குகிறாள். பிரதான் அந்நம்பிக்கைக்கு இடந்தராமல், சுஜாதாவையும் அவள் காதலனையும் வீட்டைவிட்டு அனுப்பிவைக்கிறார். இச்செயல் கொடுமைபோல் தோன்றும். எனினும் மாற்றுப் பிள்ளைக்குச் செய்யும் கடமை வேறு, இறந்த பிள்ளை இறக்கவில்லை எனக் கொள்ளும் மயக்கம் வேறு என்னும் தெளிவே படத்தின் சாரம்.

இத்தெளிவை மேலும் கடினமான சோதனைக்கு உட்படுத்திய படம், பெல்ஜியம் நாட்டுத் தார்தென் சகோதரர்களின் 'மகன்' (2002). ஒலிவியே, சீர்திருத்தம் பெற்றுவரும் இளைஞர்களுக்குத் தச்சுத் தொழில் கற்பிப்பவர். அவரிடம் பயில வரும் பிரான்சிஸ் என்னும் சிறுவன், ஐந்தாண்டுகளுக்கு முன் அவருடைய மகனைக் கொன்றவன். ஆசிரியர் அதனை அறிவார், மாணவன் அறியான். படத்தில் பின்னணி இசை கிடையாது. ஒளிப்பதிவுக் கருவி பெரும்பாலும் ஒலிவியேயின் பிடரிக்குப் பின்னாலேயே நகர்கிறது. முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் எளிய வழி பார்வையாளனுக்கு அடைக்கப்பட்டிருக்கிறது. அவன் காண்பன அளவுகோல், மரப்பலகை, உழைக்கும் கைகள். ஏன் இவனை ஏற்றுக்கொண்டாய் என முன்னாள் மனைவி கேட்கும்போது ஒலிவியேயிடம் விடையில்லை. தந்தை மகனுக்குக் கைமாற்றித் தரவேண்டிய தொழிலை, மகனைக் கொன்றவன் கற்றுக்கொண்டிருக்கிறான்.

இறுதிக் காட்சி ஒரு மரக்கிடங்கில் நிகழ்கிறது. உண்மை வெளிப்படுகிறது, சிறுவன் ஓடுகிறான், ஒலிவியே துரத்திப் பிடித்து அவன் கழுத்தில் கைகளை வைக்கிறார், பின்பு எடுத்துவிடுகிறார். பலகைகளை ஏற்றும் வேலைக்கு அவர் திரும்ப, சற்று நேரத்தில் சிறுவனும் வந்து உதவத் தொடங்குகிறான். ஒரு சொல்லும் இல்லை. படம் சட்டென முடிகிறது. மன்னிப்பு என்னும் பெரிய சொல்லை இயக்குநர்கள் பயன்படுத்தவில்லை. கொல்லவும் கற்பிக்கவும் வல்ல அதே கைகள் எதைத் தேர்ந்தன என்பதை மட்டும் காட்டினர். ஒலிவியேயாக நடித்த ஒலிவியே கூர்மேவுக்கு அவ்வாண்டின் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

இம்மூன்று தந்தையரின் கடனும் ஏதோ ஒரு வகையில் வேறொருவரைச் சென்றடைகிறது. எஞ்சியிருக்கும் மகன் அப்புவுக்காகவும் மனைவிக்காகவும் ஹரிஹர் முன்னோர் வாழ்ந்த ஊரைத் துறந்து காசிக்குப் புறப்படுகிறான். பிரதானுக்குச் சுஜாதாவும் ஒலிவியேவுக்குப் பிரான்சிசும் வாய்த்தனர். இதற்கு அடிப்படையாக அமைந்த ஒன்றை மறத்தலாகாது. மூவரும் தம் மகவு இறந்ததை அறிந்தவர்கள். இழப்பு உறுதியான பின்னரே கடன் இடம்பெயர முடியும். அவ்வுறுதியே மறுக்கப்பட்டால் தந்தை என்னாவான் என்பதை நான்காவது படம் காட்டுகிறது.

ஷாஜி என். கருண் இயக்கிய 'பிறவி' என்னும் மலையாளப் படம், 1988-ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதுகளுள் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் ஆகியவற்றைப் பெற்றது. பொறியியற் கல்லூரியில் பயிலும் மகன் ரகு, தமக்கையின் திருமண உறுதிக்கு வருவதாக இருந்தவன், வரவில்லை. முதுமையில் அவனைப் பெற்ற ராகவ சாக்கியார் நாள்தோறும் பேருந்து நிறுத்தத்துக்குச் சென்று காத்திருக்கிறார். தலைநகர் சென்று, ஒருகாலத்தில் தம்மிடம் படித்த அமைச்சரைக் காண்கிறார். காவல்துறை தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறது. சாக்கியாராக நடித்த பிரேம்ஜி அப்போது ஏறத்தாழ எண்பது வயதினர். அவர் அழுவது அரிது, காத்திருக்கிறார். காத்திருத்தலே அவருக்கு எஞ்சிய தந்தைமைத் தொழில்.

இப்படம் கேரளத்தின் ராஜன் வழக்கினை அடியொற்றியது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், கோழிக்கோடு மண்டலப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜன் காவல்துறையினரால் பிடித்துச் செல்லப்பட்டார். கக்கயம் முகாமில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார். உடல் கிடைக்கவே இல்லை. அவருடைய தந்தை ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். 1977-இல் கேரள உயர்நீதிமன்றத்தில் அவர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கின் விளைவாக, முதலமைச்சராக இருந்த கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகனுக்கு நேர்ந்ததை முழுமையாக அறிய இறுதிவரை முயன்ற வாரியர், தம் நினைவுகளை நூலாக எழுதிவைத்து 2006-இல் மறைந்தார். நீர்க்கடன் செய்ய உடலில்லை. இறந்தான் என ஒப்புக்கொள்ள அரசில்லை. இந்நிலையில் தந்தையின் கடன் எவரிடமும் இடம்பெயராமல் அவரையே தின்கிறது. படத்தின் சாக்கியார் இறுதியில் மகன் வந்துவிட்டதாகவே காணும் மயக்கத்துள் ஆழ்ந்துபோகிறார். அரசு மறைத்தது ஓர் உடலை மட்டுமன்று. ஒரு தந்தை துயருறும் உரிமையையும் அது பறித்தது.

இங்கு மகளிரின் பங்கும் கருதத்தக்கது. 'பிறவி'யில் உண்மையை முதலில் அறிபவள் மகள் மாலதி. பாலுமகேந்திராவின் 'வீடு' படத்துக்காகத் தேசிய விருது பெற்று, தமிழ் இரசிகர்கள் நன்கறிந்த அர்ச்சனா அவ்வேடத்தில் நடித்தார். தம்பியின் சாவை அறிந்தும் தந்தையிடம் சொல்லவியலாமல் அவள் சுமந்து திரிகிறாள். சர்வஜயாவும் கணவன் பொருள்களைக் காட்டி முடிக்கும்வரை அறிந்தே மௌனம் காத்தவள். தந்தையரின் துயரைப் பேசும் இப்படங்கள், அத்துயரைத் தாங்கிநிற்கும் பெண்களின் துயரையும் உடன்பேசுகின்றன. இதனைக் காணாது விடுவது திறனாய்வின் குறையாகும்.

கவிஞர் நிறைந்த இவ்வவையில் இறுதியாகக் கூறத்தக்கது ஒன்றுண்டு. இரங்கற்பா எழுதும்போது கண்ணீர், குருதி, இடி, இருள் முதலிய சொற்கள் தாமே வந்து வரிசையில் நிற்கின்றன. அவற்றைச் சற்றே விலக்கிவைத்து, இழந்தவனின் கை இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பது நலம். சேலையை நீட்டும் கை, அலுவலகப் படிவத்தை ஏந்திய கை, பலகையை அளக்கும் கை, பேருந்து வருகிறதா என நெற்றியில் வைத்துப் பார்க்கும் கை என இவை ஒவ்வொன்றும் ஒரு கவிதைக்குப் போதுமானவை. பெயரும் உடலும் மறைக்கப்பட்ட பிள்ளைகளின் தந்தையர் பல நாடுகளில் இன்றும் காத்திருக்கின்றனர். அவர்களின் கையிலுள்ள கடனைச் சொல்லில் ஏற்றுப் பதிந்துவைப்பது கவிதையின் கடன். அதனை வட்டத்தின் கவிஞர்கள் வரும் ஆண்டுகளில் நிறைவேற்றுவார்களாக.