மேஸி ஹிரோனோ அம்மையார்

(சங்கத்து மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெண்கல்வியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். இல்லத்தில் வறுமை நேருமாயின் முதற்கண் நிறுத்தப்படுவது பெண்மகளின் படிப்பே என்பதை ஆசிரியத் தொழிலில் யாம் பலகாற் கண்டு வருந்தியுள்ளோம். ஆதலின், வறுமையிலும் மகளின் படிப்பை விடாத ஓர் அன்னையையும், அம்மகள் அடைந்த உயர்வையும் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மேஸி ஹிரோனோ அம்மையார் 1947-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்துப் புக்குஷிமாவிற் பிறந்தவர். தந்தையார் குடியிலும் சூதிலும் பொருளிழந்தார். உடன்பிறந்த பெண்குழந்தையொன்று, வைத்தியசாலை சேராமல், நிமோனியாக் காய்ச்சலால் இரண்டு வயதிலேயே வீட்டில் மாண்டது. அன்னையாரோ அமெரிக்க மண்ணிற் பிறந்தவர். அவர் 1955-இல் கணவரை நீங்கி, மூத்த மகனையும் மேஸியையும் அழைத்துக்கொண்டு ஹவாயித் தீவுக்குக் கப்பலேறினார். இளைய மகனைப் பாட்டன் பாட்டியரிடம் விட்டுச் செல்ல நேர்ந்தது. அவர்கள் 1957-இல்தான் வந்து சேர்ந்தனர். அப்பிரிவு தாயுள்ளத்தை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள்.

ஹொனலுலு நகரில் ஒற்றை அறையொன்றே அவர்கட்கு இல்லமாயிற்று. அன்னையார் குறைந்த கூலிக்கு உழைத்தார். நோயுற்றால் உதவுதற்குக் காப்பு யாதும் அவ்வேலையில் இல்லை. அன்னை நோயுற்றால் கூலியில்லை, கூலியில்லையேல் உணவில்லை என்னும் அச்சம் சிறுமியின் நெஞ்சை விட்டகன்றதில்லை. ஆங்கிலம் அறியாமற் பள்ளி புகுந்த அவர், பத்து வயதிலேயே பள்ளி உணவுச்சாலையிற் பணம் வாங்கிக் கணக்குப் பார்த்தும், வீடுதோறும் பத்திரிகை கொடுத்தும் பொருளீட்டினார். எனினும் படிப்பு நின்றதில்லை. 1959-இல் அமெரிக்கப் பிரஜையானார். 1970-இல் ஹவாயிப் பல்கலைக்கழகத்திலும், 1978-இல் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியிலும் பட்டம் பெற்றார்.

1980-இல் ஹவாயி மாகாணச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பெற்றார். 1994 முதல் எட்டாண்டுகள் துணைக் கவர்னராக விளங்கினார். 2002-இற் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். தோல்வியால் துவளாமல், 2006-இல் அமெரிக்க காங்கிரஸின் கீழ்ச்சபைக்கும், 2012-இல் செனட்டு என்னும் மேற்சபைக்கும் வெற்றி பெற்றார். ஆசிய வமிசத்துப் பெண்மணியொருவர் செனட்டில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. 2018, 2024-ஆம் ஆண்டுகளிலும் மக்கள் அவரையே மீண்டும் தெரிந்தெடுத்தனர்.

இனி, அவர் வாழ்வில் நாம் கருதத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நோயாளர் காப்புப் பற்றிய 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பகுதிகளை நீக்கும் மசோதா செனட்டுக்கு வந்தது. அம்மையார் அப்பொழுது சிறுநீரகத்திற் புற்றுநோய் கண்டு சிகிச்சை பெற்று வந்தார். அந்நிலையிலும் சபையில் எழுந்து, மாண்டுபோன தம் உடன்பிறப்பை நினைந்து, தழுதழுத்த குரலில், ஏழைகளின் மருத்துவத்தைப் பறித்தல் தகாதென வாதாடினார். 49-க்கு 51 என்ற வாக்கில் மசோதா தோற்றது. அவர் ஒருவர் சொல்லே அதனை வென்றதென்று யாம் கூறோம். ஆயினும், ஒற்றை அறையிற் சிறுமி கொண்டிருந்த அச்சம், அறுபதாண்டுகட்குப் பின் ஒரு தேசத்தின் சட்டமன்றத்தில் ஏழைகளின் குரலாக ஒலித்ததன்றோ? வறுமையை அறிந்தவர் அதனை மறவாமல் அதிகாரத்தில் அமர்வதால் விளையும் நன்மை இதுவே.

அன்பர்களே! அவ்வன்னையின் கையிற் செல்வமில்லை. துணிவு ஒன்றே இருந்தது. இல்லத்தில் இடர் நேருங்கால், மகளின் புத்தகத்தை மூடுமுன் அவரை ஒருகணம் நினைமின். அத்தகைய இல்லம் எங்கேனும் உண்டென அறிந்தால், நம் சங்கத்தார் காலந்தாழ்த்தாது சென்று உதவுவாராக. உதவி கேட்க நாணுவோர் பலர். ஆகவே, கேளாமுன் கொடுப்பதே சிறப்பாம்.