பழைய மடிக்கணினியின் தகுதி

உழவுக்கு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்பவன், விற்பவன் கூறும் விலையை முதலிற் கேட்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறிகிறான், சுழி பார்க்கிறான், சிறிது தூரம் நடத்தியும் பார்க்கிறான். அதன் பின்னரே விலை பேசத் தொடங்குகிறான். பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கச் செல்வோரிடத்தில் இந்த நிதானம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. துடைத்து மெருகிட்ட மூடியையும் அதில் ஒட்டிய சீட்டையும் கண்டவுடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவோர் பலர்.

2022ஆம் ஆண்டில் டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது, புதிய கணினி இந்நாட்டின் பல குடும்பங்களுக்கு எட்டாக் கனியாயிற்று. பிள்ளையின் படிப்புக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரு பழைய கணினிக்குச் செலவாகும்போது, அது வீண்போகாதிருத்தல் வேண்டும். ஆகவே, பழைய கணினியை மதிப்பிடும் முறை யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் ஆராய்வது பயன்தரும்.

2011ஆம் ஆண்டில் லெனோவோ நிறுவனம் வெளியிட்ட திங்க்பாட் ரி 420 என்னும் நடுத்தர அளவுக் கணினியை எடுத்துக்கொள்வோம். திங்க்பாட் என்ற பெயரை 1992இல் தோற்றுவித்தது ஐ.பி.எம். நிறுவனம், அதன் தனியாள் கணினிப் பிரிவு 2005இல் லெனோவோவின் கைக்கு மாறியது. அலுவலகங்களுக்கென்றே உருவாக்கப்பட்ட இத்தகைய கணினிகளைப் பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடுகின்றன. எனவே, விற்பனைக்கு வரும் பழைய கணினி யாவும் பழுதுபட்டு ஒதுக்கப்பட்டவை அல்ல. வயது ஒன்றே குறையாகாது. அதில் மாற்றக்கூடியது எது, மாற்ற முடியாதது எது என்று பகுத்துக் காண்பதே மதிப்பீட்டின் உயிர்நாடி.

மாற்றக்கூடியவற்றை முதலிற் பார்ப்போம். இக்கணினியில் நினைவகத்துக்கு இரண்டு பொருத்துமிடங்கள் உள்ளன. உற்பத்தியாளர் குறித்த எல்லை 8 கிகாபைற்று; நடைமுறையில் 16 கிகாபைற்று வரை ஏற்றுக்கொள்கிறது. வன்தட்டை ஓர் ஆணியைக் கழற்றியே வெளியே எடுத்துவிடலாம். பழைய கணினி மந்தமாக இயங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தச் சுழலும் தட்டேயாகும். வேண்டிய தகவலைத் தேடி எடுக்க அதற்குச் செக்கனில் நூறிலொரு பங்கு அல்லது அதற்கு மேலும் செல்லும். அசையும் உறுப்பில்லாத திண்மநிலைச் சேமிப்பகத்துக்கோ பத்தாயிரத்திலொரு பங்கே போதும். இந்த ஒரு மாற்றத்தினாலேயே கணினி புத்துயிர் பெற்றது போலாகிவிடும்.

பற்றரியும் கழற்றி மாற்றத்தக்கதே. ஆறு கலங்கொண்ட பற்றரி புதிதாயிருந்தபோது 57 வாற்று மணி ஆற்றலைக் கொண்டிருந்தது. இப்பொழுது முழுமையாக ஏற்றியபின் அது எத்தனை வாற்று மணியைத் தாங்குகிறது என்பதைக் கணினியே அறிக்கையாகக் காட்டும். அது 28 எனக் காட்டினால், பற்றரியின் ஆயுள் பாதி போய்விட்டது என்று கொள்ளலாம். மலிவு விலைப் போலிப் பற்றரிகள் அளவுமீறிச் சூடேறித் தீப்பற்றவுங் கூடும். அவற்றை நாடாதிருத்தல் நன்று.

இனி, எளிதில் மாற்ற முடியாதவை. இவ்வகையிற் பல கணினிகளுக்கு மூளையாய் அமைந்தது இன்ரெல் கோர் ஐ5-2520எம் என்னும் முறைவழியாக்கி. அதற்கு உள்ளகங்கள் இரண்டு, வேகம் 2.5 முதல் 3.2 கிகாஹேட்ஸ் வரை. கட்டுரை எழுதுதல், கணக்கேடு தயாரித்தல், மின்னஞ்சல், இணையப் படிப்பு ஆகியவற்றுக்கு இது போதும். ஆனால், இன்று இணையத்தில் வரும் நிகழ்படங்கள் பல, இக்கணினி தோன்றிய பின்னர் வந்த குறிமுறைகளில் அமைந்தவை. அவற்றை விரித்துக் காட்டும் தனியுறுப்பு இதிலில்லாமையால் முழுச் சுமையும் முறைவழியாக்கியின் மேலே விழுகிறது. விசிறி இரைகின்றது, உடல் சூடேறுகின்றது. நிகழ்படம் தொகுப்போருக்கும் புதிய விளையாட்டுகளை விரும்புவோருக்கும் இது ஏற்றதன்று. திரையும் 14 அங்குலமே; பக்கவாட்டிலிருந்து நோக்கினால் நிறம் மங்கும். வெளிச் சேமிப்பகங்களை இணைக்கும் யூ.எஸ்.பி. வாயில்கள் பழைய இரண்டாம் வகையின. ஏறத்தாழ 2.2 கிலோகிராம் நிறையும் நாள்தோறும் சுமந்து செல்லும் மாணவருக்குப் பாரமே. இக்குறைகளுக்கு எதிரே ஒரு சிறப்பையும் சொல்லவேண்டும். ஏழு வரிசைகள் கொண்ட அதன் சாவிப்பலகையை நெடுநேரம் எழுதுவோர் இன்றும் விரும்புகின்றனர்.

கண்ணுக்குப் புலப்படாத குறையொன்றும் உண்டு. விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டும் தகுதிகள் இக்கணினிக்கு இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத முறைமையில் வங்கிக் கணக்கைக் கையாளுதல், கதவைத் திறந்துவைத்து உறங்குவதற்கு ஒப்பாகும். கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் முறைமை இதற்கு நல்ல மாற்று. அதில் தமிழிலும் தடையின்றி எழுதலாம். எனினும், பாடசாலையோ தொழிலகமோ விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருளை வேண்டுமாயின், இக்கணினியை வாங்காதிருப்பதே அறிவுடைமை.

கடையிலே அரைமணி நேரமாவது கணினியை இயக்கிப் பார்த்தல் வேண்டும். நிகழ்படமொன்றை ஓடவிட்டு வெப்பத்தையும் விசிறியின் ஒலியையும் கவனிக்கலாம். சாவிகள் ஒவ்வொன்றையும் அழுத்தியும், வாயில்கள் ஒவ்வொன்றிலும் ஏதேனுமொன்றைச் செருகியும், வெண்ணிறத் திரையில் கறையுண்டா என நோக்கியும் சோதிக்கலாம். தொடக்க அமைப்பினுள் நுழையும்போது கடவுச்சொல் கேட்குமாயின் அதனை வாங்கவே கூடாது. முன்னைய உரிமையாளரின் அந்தப் பூட்டைத் திறக்கத் தாய்ப்பலகையையே மாற்ற நேரிடலாம்.

விலையைக் கணக்கிடும் முறையும் ஒன்றுண்டு. விற்பவர் கேட்கும் தொகையோடு புதிய பற்றரியின் விலையையும் திண்மநிலைச் சேமிப்பகத்தின் விலையையும் கூட்டுக. அந்தக் கூட்டுத்தொகையே கணினியின் உண்மை விலை. அதே தொகைக்கு விண்டோஸ் 11ஐ ஏற்கும் பிற்காலக் கணினியொன்று கிடைக்குமாயின், பழையதன் உறுதியை எண்ணி மயங்குதல் வேண்டா. கிடைக்காதாயின், செய்யவேண்டிய வேலையும் எழுத்தும் படிப்புமேயாயின், பதினைந்து ஆண்டுகளை எட்டிய இக்கணினியும் ஒரு மாணவரின் மேசையில் இன்னும் சில காலம் நேர்மையாக உழைக்கும். மாடு வாங்குபவன் தன் வயலை அறிந்து வாங்குகிறான். கணினி வாங்குபவரும் தம் தேவையை முதலில் அறிந்துகொண்டு கடைப்படி ஏறுவாராக.