மேலவையைச் சுற்றிக்கொண்டு போகும் நிதியமைச்சர்கள்



நிதியமைச்சருக்கு மாநிலங்களவையில் என்ன வேலை என்று பலர் கேட்கிறார்கள். பட்ஜெட்டை மக்களவையில்தானே வாசிக்கிறார்கள், வரி மசோதா அங்கேதானே நிறைவேறுகிறது, மேலவையில் அவருக்குச் செய்ய என்ன இருக்கிறது என்கிறார்கள். நிறைய இருக்கிறது. இருந்த வேலையை 2014க்குப் பிறகு ஒன்றிய ஆட்சியாளர்கள் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிதியமைச்சர் மக்களவையில் பட்ஜெட் உரையை வாசிக்கிறார். முடித்தபின் மாநிலங்களவைக்கு வந்து அதன் நகலை வைக்கிறார். அங்கே பொது விவாதம் நடக்கும், அவர் பதில் சொல்வார். துறைவாரியான மானியக் கோரிக்கைகள் மீது வாக்களிக்க அந்த அவைக்கு உரிமை இல்லை. பண மசோதா வந்தால் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். திருத்தங்களைப் பரிந்துரைக்கலாம். அவற்றை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். 14 நாளில் திருப்பாவிட்டால் இரு அவையும் நிறைவேற்றியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அரசியலமைப்புச் சட்டத்தின் 109ஆவது பிரிவு இது.

இந்த ஏற்பாட்டோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு நியாயமான வரலாறு உண்டு. 1909இல் இங்கிலாந்தில் லாயிட் ஜார்ஜ் என்ற நிதியமைச்சர், நிலவுடைமைக்காரர்கள் மீது வரி போட்டு ஏழைகளுக்குச் செலவிடும் பட்ஜெட்டைக் கொண்டுவந்தார். பரம்பரைப் பிரபுக்கள் உட்கார்ந்திருந்த மேலவை அதைத் தூக்கி எறிந்தது. அந்தப் போராட்டத்தின் முடிவில்தான் 1911ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் வந்தது. பண மசோதாவைப் பிரபுக்கள் தடுக்க முடியாது என்று ஆயிற்று. நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் அந்த இலக்கணத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நம் மேலவையில் பிரபுக்களா இருக்கிறார்கள்? நீங்கள் வாக்களித்து அனுப்பிய சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்கிறார்கள். 1962இல் காஞ்சிபுரத்தில் தோற்ற அறிஞர் அண்ணா, டெல்லியில் எழுந்து நின்று மாநிலங்களுக்காகப் பேசியது அந்த அவையில்தான்.

அதனால்தான் நம்மவர்கள் ஒரு வரம்பு வைத்தார்கள். வரி, அரசு வாங்கும் கடன், தொகுப்பு நிதியிலிருந்து செலவு, இவற்றோடு ஒட்டிய காரியங்கள். இவற்றுக்கு வெளியே எந்தச் சரக்கும் பண மசோதாவுக்குள் இருக்கக் கூடாது. 110ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஒரு மசோதா பண மசோதாவா இல்லையா என்பதில் மக்களவைத் தலைவரின் முடிவே இறுதி என்றும் சொல்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனையும் நடந்திருக்கிறது.

மேலவைக்கு அதிகாரம் இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். இங்கே இருக்கும் வணிகர்கள் எல்லாரும் அறிந்த ஜி.எஸ்.டி.தான் அது. அது அரசியலமைப்புத் திருத்தம். இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், குறுக்கு வழி கிடையாது. 2015 மே மாதம் மக்களவையில் தங்கள் பெரும்பான்மையால் நிறைவேற்றினார்கள். மாநிலங்களவையில் அந்தப் பலம் இல்லை. மசோதா தெரிவுக்குழுவுக்குப் போயிற்று. ஓராண்டுக்கு மேல் பேச்சுவார்த்தை நடந்தது. நிதியமைச்சர் அருண் ஜெட்லி எதிர்க்கட்சிகளோடும் மாநில நிதியமைச்சர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. பேசினார். அதை மறைக்காமல் சொல்கிறேன்.

விளைவு என்ன? வரி இழப்புக்கு ஈடுகொடுப்பது பற்றிப் பழைய மசோதாவில், ஐந்து ஆண்டு வரை கொடுக்கலாம் என்ற மாதிரி தளர்வாக எழுதியிருந்தார்கள். மேலவை வழியாக வந்தபோது, ஐந்து ஆண்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று மாறியது. மாநிலத்துக்கு மாநிலம் போகும் சரக்கின் மீது போட நினைத்த 1 விழுக்காடு கூடுதல் வரியும் நீங்கியது. 2016 ஆகஸ்ட் 3ஆம் தேதி, அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்த நிலையில், 203 பேர் ஆதரிக்க, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேறியது.

அந்த மாற்றத்தின் அருமை நான்கு ஆண்டு கழித்துத் தெரிந்தது. 2020இல் கொரோனா. கடைகள் மூடிக் கிடந்தன, வரி வரவில்லை, மாநிலங்கள் ஆஸ்பத்திரிக்கும் ரேஷனுக்கும் பணம் தேடி அலைந்தன. அப்போது நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இது கடவுளின் செயல் என்றார். கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களிடம் சொன்னார்கள். மாநிலங்கள் விடவில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறதே என்று சட்டத்தைக் காட்டி நின்றன. கடைசியில் ஒன்றிய அரசு தானே 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி ரூபாய் கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கொடுத்தது. 2016இல் மேலவை பல்லைக் கடித்துக்கொண்டு பேரம் பேசாமல் இருந்திருந்தால் 2020இல் நம் கையில் என்ன பிடி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்!

சரி, அந்தத் திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டங்கள் எப்படி வந்தன? 2016 விவாதத்திலேயே ப. சிதம்பரம், அவற்றைப் பண மசோதாவாகக் கொண்டுவராதீர்கள், இந்த அவை வாக்களிக்கும்படி கொண்டுவாருங்கள் என்று கேட்டார். உறுதி கிடைக்கவில்லை. 2017இல் நான்கு ஜி.எஸ்.டி. மசோதாக்களும் பண மசோதாக்களாகவே வந்தன. நாட்டின் எல்லா மாநிலங்களின் வரி உரிமையையும் மாற்றிப் போடும் சட்டங்களில், மாநிலங்களின் அவைக்குத் தீர்மானிக்கும் வாக்கு இல்லை. அந்தச் சட்டங்கள் வரியைப் பற்றியவைதானே என்று சட்டப்படி வாதாடலாம். அந்த வாதத்துக்கு ஒரு இடம் கொடுக்கிறேன். இனி நான் சொல்லப்போகும் இரண்டுக்கும் அந்த இடமும் கிடையாது.

ஆதார். உங்கள் கைரேகை, உங்கள் கருவிழி. 2016 மார்ச்சில் ஜெட்லி அதைப் பண மசோதாவாக மக்களவையில் கொண்டுவந்தார். மானியம் கொடுப்பதற்கான அடையாளம், ஆகவே பணச் சங்கதி என்றார்கள். மார்ச் 16ஆம் தேதி மாநிலங்களவை, எதிர்க்கட்சி உறுப்பினர் ஜெய்ராம் ரமேஷ் கொண்டுவந்த ஐந்து திருத்தங்களை ஏற்றது. வேண்டாம் என்பவர் வெளியேற வழி வேண்டும் என்றது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்கும் கதவை மூடு என்றது. தேசப் பாதுகாப்பு என்ற பொத்தாம்பொதுவான காரணத்தைச் சொல்லி மக்களின் விவரங்களைக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றது. அதே நாள் மாலை மக்களவை ஐந்தையும் நிராகரித்துவிட்டது. ஐந்தையும்!

2018 செப்டம்பர் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதார் சட்டத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள் காப்பாற்றினார்கள். ஆனால் எதையெல்லாம் வெட்டினார்கள் என்று பாருங்கள். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பகுதி வெட்டப்பட்டது. தேசப் பாதுகாப்புப் பிரிவு அந்த வடிவில் செல்லாது என்றானது. குழந்தையாக இருந்தபோது சேர்க்கப்பட்டவர்கள் வயது வந்ததும் விலகலாம் என்றானது. இரண்டரை ஆண்டுக்கு முன் மேலவை கைகாட்டிய அதே இடங்கள் இவை. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சந்திரசூட், இதைப் பண மசோதாவாக நிறைவேற்றியதே அரசியலமைப்பின் மீதான மோசடி என்றார்.

அடுத்தது இன்னும் பெரியது. 2017ஆம் ஆண்டின் நிதி மசோதா. ஆண்டு பட்ஜெட்டுக்கான மசோதா அது. அதற்குள்ளே ரிசர்வ் வங்கிச் சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், கம்பெனிச் சட்டம், வருமான வரிச் சட்டம் எல்லாவற்றையும் திருத்தித் தேர்தல் பத்திரம் என்ற, பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கும் ஏற்பாட்டுக்கு வழி செய்தார்கள். தீர்ப்பாயங்களைக் கலைத்து இணைத்ததும் அதே மசோதாவில்தான். ஒரு கம்பெனி தன் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்த வரம்பை எடுத்தார்கள். எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயத்தையும் எடுத்தார்கள்.

மாநிலங்களவை சும்மா இருக்கவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சீதாராம் யெச்சூரியும் திக்விஜய் சிங்கும் கொண்டுவந்த ஐந்து திருத்தங்களை வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. கம்பெனி நன்கொடைக்கு வரம்பு வேண்டும், பெயர் தெரிய வேண்டும் என்பது யெச்சூரியின் கோரிக்கை. காரணம் சொல்லாமல் வருமான வரிச் சோதனை நடத்துவதற்கு எதிரானவை மற்றவை. மறுநாள், 2017 மார்ச் 30ஆம் தேதி, மக்களவை எல்லாவற்றையும் தள்ளியது.

பிறகு ஏழு ஆண்டுகள் ஓடின. 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் பத்திரங்கள் விற்றன. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வாக்காளனுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தார்கள். கம்பெனிகள் வரம்பில்லாமல் கொடுக்கலாம் என்ற திருத்தமும் சமத்துவத்துக்கு எதிரானது என்று வீழ்ந்தது. வரம்பு வேண்டும், பெயர் தெரிய வேண்டும். நீதிமன்றம் சொன்னதும் அதுதான், மேலவை 2017இலேயே சொன்னதும் அதுதான். அன்று நிதியமைச்சர் கேட்டிருந்தால் அந்த 16,000 கோடியின் இருட்டு நம் தேர்தல்கள் மீது விழுந்திருக்காது. இந்த ஏழு ஆண்டுக்கு யார் பொறுப்பு?

அமலாக்கத் துறை பற்றி ஒரு வார்த்தை. அந்தத் துறை பயன்படுத்தும் பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பதைக் கடினமாக்கும் நிபந்தனைகளை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2018இல் அதே நிபந்தனைகளைத் திரும்பக் கொண்டுவந்தது நிதிச் சட்டம்தான். ஒரு மனிதனைச் சிறையில் வைப்பதற்கும் வரவு செலவுக்கும் என்ன சம்பந்தம்?

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளுமே என்று சொல்பவர்களுக்குச் சொல்கிறேன். தீர்ப்பாய வழக்கில் 2019 நவம்பரில், பண மசோதா என்றால் எது என்ற கேள்வியை இன்னும் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். 2022இல் அமலாக்கத் துறை வழக்கில் தீர்ப்பு வந்தது, அந்தக் கேள்வியைத் தொடவில்லை. 2024இல் தேர்தல் பத்திரத் தீர்ப்பு வந்தது, அப்போதும் அது நிலுவையில்தான் இருந்தது. கேள்வி நிலுவையில் கிடக்கிறது, சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் எடுத்துக்கொள்வோம். நேரடியாக மக்கள் தேர்ந்தெடுத்த அவையை, மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை முடக்கலாமா என்று கேட்கிறார்கள். ஜெட்லியே கேட்டார். முடக்கினால் என்ன செய்வது என்று அரசியலமைப்பு எழுதி வைத்திருக்கிறதே! 108ஆவது பிரிவு, கூட்டுக் கூட்டம். 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கும், 1978இல் வங்கிப் பணியாளர் தேர்வாணைய ஒழிப்புக்கும், 2002இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கும் இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து வாக்களித்தன. பொடாவை நான் எதிர்க்கிறவன். ஆனாலும் அதை முன்வாசல் வழியாகத்தான் கொண்டுவந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆதாருக்கும் தேர்தல் பத்திரத்துக்கும் அந்த முன்வாசல் திறந்தே இருந்தது. கூட்டுக் கூட்டத்தில் நாடு முழுதும் பார்க்க விவாதிக்க வேண்டியிருக்கும். அதைத்தான் தவிர்த்தார்கள்.

நெஞ்சு பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. மன்மோகன் சிங் 1991 அக்டோபரில் அசாமிலிருந்து மாநிலங்களவைக்கு வந்து, அதன் பிறகு நிதியமைச்சராக இருந்த காலம் முழுதும் அங்கேதான் இருந்தார். ஜஸ்வந்த் சிங் அங்கிருந்துதான் நிதியமைச்சரானார். 2014க்குப் பிறகு ஜெட்லி, நிர்மலா சீதாராமன், இடையில் சில காலம் பொறுப்பு வகித்த பியூஷ் கோயல், எல்லாரும் மாநிலங்களவை உறுப்பினர்களாக இருந்தே அந்தப் பதவியை வகித்தவர்கள். மதுரையில் பிறந்து கர்நாடகத்திலிருந்து தேர்வான நிர்மலா சீதாராமன் மக்களவையில் பட்ஜெட் வாசிக்கிறார்; அங்கே அவருக்கு வாக்கு இல்லை. வாக்கு இருக்கும் அவையிலோ மானியக் கோரிக்கைகளுக்கு வாக்கெடுப்பே இல்லை. மாநிலச் சட்டமன்றம் அனுப்பிவைத்த ஒருவர், அந்த மாநிலங்களின் அவைக்குக் கூடுதலாகக் கடமைப்பட்டவர் இல்லையா? தன்னை அனுப்பிய அவையின் கையைக் கட்டிப்போடும் மசோதாவை அவரே எப்படிக் கொண்டுவரலாம்?

அந்தக் கடமைக்கு ஓர் உதாரணம் பாருங்கள். செஸ், சர்சார்ஜ் என்று ஒன்றிய அரசு வசூலிப்பதில் மாநிலங்களுக்குப் பங்கு இல்லை. பகிர வேண்டிய வரியில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு என்று 15ஆவது நிதிக்குழு சொன்னது. அந்த 41 பகிரும் குடத்துக்குத்தான். குடத்துக்கு வெளியே ஊற்றப்படுவதற்கு இல்லை. எவ்வளவு வெளியே போகிறது, ஏன் போகிறது என்று நிதியமைச்சர் நின்று பதில் சொல்ல வேண்டிய இடம் மாநிலங்களவை. அங்கே மாநிலங்களின் குரல் பரிந்துரையோடு நின்றுவிட்டால் வேறு எங்கே போய்க் கேட்பது?

ஆகவே நாம் கேட்பது இது. எந்த மசோதாவையாவது பண மசோதா என்று அறிவிப்பதற்கு முன் மக்களவைத் தலைவர் காரணங்களை எழுத்தில் தர வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில்கூட, முடிந்தவரை இரண்டு மூத்த உறுப்பினர்களைக் கலந்துகொண்டே அங்குள்ள சபாநாயகர் சான்றளிக்க வேண்டும். நாம் அந்த அளவுக்குக்கூட ஒரு கட்டுப்பாட்டை வைக்கவில்லை; வைக்க வேண்டும். வரிக்குச் சம்பந்தமில்லாத திருத்தங்களை நிதி மசோதாவுக்குள் சொருகக் கூடாது. மாநிலங்களவை அனுப்பும் பரிந்துரையை நிராகரித்தால், ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று நிதியமைச்சர் அங்கே திரும்பி வந்து பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து 18 பேர் அந்த அவையில் இருக்கிறார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. அடுத்த நிதி மசோதா வரும்போது அதில் எத்தனை சட்டங்கள் ஒளிந்து வருகின்றன என்று பட்டியல் போட்டு வெளியிடுங்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். திருத்தம் கொண்டுவந்தீர்களா, வாக்கெடுப்பு கேட்டீர்களா, அன்றைக்கு அவையில் இருந்தீர்களா என்று கேளுங்கள். பதில் வரும் வரை கேளுங்கள்.