கல்யாண் துறையும் அம்பர்நாதர் கோயிலும்



டோம்பிவிலியில் குடியிருக்கும் தமிழராகிய நமக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரும்பாலும் இரண்டே அலுவல்கள்தாம். மாதுங்காவிலோ செம்பூரிலோ உள்ள நம்மவர் கோயிலுக்குச் சென்று வருவது ஒன்று. வாரமெல்லாம் மின்சார ரயிலில் நின்று களைத்த கால்களுக்கு ஓய்வளிப்பது மற்றொன்று. இரண்டும் வேண்டுவனவே. ஆயினும், இங்கேயே பிறந்து வளரும் நம் குழந்தைகள், ‘நம் ஊர் எது?’ என்று வினவுங்கால் தஞ்சையையும் நெல்லையையும் சுட்டிக் காட்டிவிட்டு, அவர்கள் கால் ஊன்றி நிற்கும் நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறாதிருப்பது முறையாகுமா? அந்நிலத்தின் பழம்பெருமையை இன்று சிறிது காண்போம்.

நம் நிலையத்திற்கு இரண்டு நிலையம் அப்பால் இருப்பது கல்யாண். வண்டி மாறும் இடமாகவே நாம் அறிந்த அவ்வூர், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மேலைக் கடலின் பெருந்துறைகளுள் ஒன்றாக விளங்கியது. மத்தியதரைக் கடற்கரையிலுள்ள அலெக்சாந்திரியாவின் வாணிகம் எகிப்து வழியாகச் செங்கடலுக்கு வந்து, பருவக்காற்றின் துணையால் இந்தியாவை எட்டிய காலம் அது. அக்கடல்வழியை விவரிக்கும் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல், கல்யாணைக் ‘கல்லியேனா’ என்று குறிக்கின்றது. அரசியல் பகையால் அத்துறை தடைப்பட்டதையும், அங்கு ஒதுங்கும் கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பரூச்சுக்குக் கொண்டு செல்லப்படலாம் என்பதையும் அந்நூல் எச்சரிக்கையாகக் கூறுகின்றது. நம் முசிறித் துறையைப் புகழ்வதும் அதே நூல்தான். இன்று கல்யாணில் கழிக்கரையிலே துர்காடி கோட்டையைக் காணலாம். சிவாஜி மன்னர் 1657இல் இந்நகரைக் கைப்பற்றினார்.

கல்யாணைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் அம்பர்நாத். அங்குள்ள சிவாலயத்தின் கல்வெட்டு சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060, என்று காலம் காட்டுகின்றது. கட்டியவர்கள் கொங்கணத்தை ஆண்ட சிலாஹார மன்னர்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் நிறைவெய்தியது என்பதை நினைவிற் கொண்டால், இவ்விரண்டிற்கும் ஐம்பது ஆண்டுகளே இடைவெளி என்பது விளங்கும். நம் விமானம் விண்ணோக்கி உயர்கின்றது. இங்கோ, படிகள் பல இறங்கிச் சென்றே இலிங்கத்தைத் தரிசிக்க வேண்டும். புறச்சுவர்களில் சிற்பங்கள் செறிந்துள்ளன. மகாசிவராத்திரியன்று கூட்டம் மிகுதி. சிற்பங்களை அமைதியாகக் காண விரும்புவோர் வேறு நாளில் செல்க.

மேற்கு ரயில் பாதையிலுள்ள நாலாசோபாரா, பண்டைய சோபாரா துறையாகும். அங்கு 1882இல் பகவான்லால் இந்திரஜி என்னும் அறிஞர் அசோகரின் எட்டாம் பாறைச் சாசனத்தின் ஒரு துண்டைக் கண்டெடுத்தார். முன்னாளில் அரசர்கள் வேட்டை முதலிய உல்லாசப் பயணம் சென்றனர். தாமோ அறப்பயணம் மேற்கொண்டதாக அம்மன்னர் அதிலே அறிவிக்கின்றார். பெரியோரைக் காண்பதும் நாட்டு மக்களைக் கண்டு அளவளாவுவதும் அப்பயணத்தின் பகுதிகள். அருகே வசாயில் போர்த்துக்கீசியர் கோட்டையும், அதனுள் சிதைந்த தேவாலயங்களும் உள்ளன. 1739இல் சிமாஜி அப்பா தலைமையில் மராட்டியர் அதனை வென்றனர்.

இறுதியாக, போரிவிலியை அடுத்த கன்ஹேரி. கரும்பாறையில் குடைந்த நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள் அங்கே உள்ளன. அவற்றின் கல்வெட்டுகளிற் பேசப்படுவோர் அரசர் மட்டுமல்லர். வணிகரும் தொழிலாளரும் உளர். கல்யாணைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவர் துறவிகளுக்குத் தண்ணீர்த் தொட்டி அமைத்துக் கொடுத்த செய்தியும் உண்டு. பின்னர் 1009இலும் 1021இலும் அங்கு வந்த பாரசீக மரபினர் தங்கள் பெயர்களைப் பஹ்லவி எழுத்தில் பொறித்துச் சென்றனர்.

தொலைவிலிருந்து பிழைப்பிற்கும் வழிபாட்டிற்கும் இக்கரைக்கு வந்தவர்கள் நாம் மட்டும் அல்லேம் என்பதை இவ்விடங்கள் உணர்த்துகின்றன. தண்ணீர்த் தொட்டி தந்த பொற்கொல்லருக்கு இது சொந்த ஊர். வாடகைக்கு வந்தவராக அவர் வாழவில்லை. நாமும் அவ்வாறு வாழ விரும்பினால், முதலில் இந்நிலத்தை அறிதல் வேண்டும். அடுத்த விடுமுறையில் குழந்தைகளை அம்பர்நாதர் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். பக்கத்து வீட்டு மராட்டியக் குடும்பத்தையும் உடன் அழையுங்கள். நாம் அறியாத செய்திகளை அவர்கள் அறிந்திருப்பர்.